வாடகை வீட்டு மராமத்து: பேசி எழுதிய கணக்கு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டு வேலை, இரண்டு பிள்ளைகள், இரண்டு ஆடு, வியாழக்கிழமை குழுக் கூட்டம், இதுதான் என் உலகம். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. "ஆடு வளர்த்தது, மாடு வாங்கினது எல்லாரும் பேசுவாங்க. நீ உன் வீட்டு ஓடு மாத்தின கதையைச் சொல்லு, நிறைய பேருக்கு உபயோகப்படும்" என்று எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க. அதனால் வந்து நிற்கிறேன்.

நம்மில் எத்தனை பேர் வாடகை வீட்டில் இருக்கோம் என்று கை தூக்கச் சொன்னால் நிறைய கை வரும். வீட்டை வாடகைக்கு விட்டவங்க கையும் கொஞ்சம் வரும். ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒரு சண்டை உண்டு. ஓடு ஒழுகும், சுவர் பெயரும். யார் சரி பண்றது? குடியிருக்கிறவங்க "உங்க வீடு, நீங்க பண்ணுங்க" என்பாங்க. சொந்தக்காரங்க "நீங்க குடுக்கிற வாடகையில எங்கேருந்து பண்றது" என்பாங்க. கடைசியில் யாரும் பண்ண மாட்டாங்க. வீடு வீணாகும். இதற்கு ஒரு வழி இருக்கு. ரிப்பேரைக் குடியிருக்கிறவங்க செய்து, அந்தச் செலவை வாடகையில் மாதாமாதம் கழித்துக்கொள்வது. கேட்க சுலபமா இருக்கும். ஆனால் கணக்கை எப்படிப் போடறது, எதையெல்லாம் கணக்கில் சேர்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கு.

எங்க ஊர் திருவாரூர் மாவட்டம், மன்னார்குடிப் பக்கம். நாங்க குடியிருப்பது சீமை ஓட்டு வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் திண்ணை. வாடகை 1,800 ரூபாய், அட்வான்ஸ் 10,000. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்க தெருவில் பாதி வீட்டு ஓடு பறந்தது. அப்போது இந்த வீட்டில் கிடைத்த ஓட்டை அடுக்கி, மீதி இடத்தில் தார்ப்பாய் போட்டு, மேலே கல் வைத்திருந்தாங்க. நாங்க குடி வந்தது அதற்கு அப்புறம். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் வீட்டுக்குள்ளே ஏழெட்டு இடத்தில் பாத்திரம் வைப்போம். ரேஷன் அரிசியைக் கட்டில் மேல் தூக்கி வைப்போம். 2021 நவம்பர் மழையில் சுவர் ஓரமாத் தண்ணீர் இறங்கி சுவிட்சு போர்டுக்குள் போய்விட்டது. சின்னவன் சுவரில் கை வைத்து, "அம்மா, சுவர் கடிக்குது" என்றான். அன்று ராத்திரி மெயினை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். மழைக்காலத்தில் சுவர் இடிந்து உயிர் போன செய்தியை நாம வருஷா வருஷம் கேட்கிறோம். இன்னொரு மழையை இந்த வீட்டில் இப்படியே தாண்ட முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வேறு வீடு பார்த்தோம். ஊருக்குள் 2,500க்குக் குறைந்து இல்லை. டவுனுக்குப் போனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம், எங்க வீட்டுக்காரர் வேலை, என் குழு எல்லாம் விட்டுப்போகும். (எங்க வீட்டுக்காரர் என்றால் என் கணவர். கொத்தனார். வீட்டுக்குச் சொந்தக்காரரை நான் அத்தை என்றுதான் சொல்வேன். ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதீங்க.)

அத்தை அடுத்த தெருவில் மகள் வீட்டில் இருக்காங்க. மாமா இறந்து பல வருஷம் ஆகுது. அவங்களும் நம் கூட்டமைப்பில்தான், வேறு குழுவில் உறுப்பினர். எங்க வாடகைதான் அவங்களுக்கு மாத்திரைச் செலவு, கைச்செலவு எல்லாம். இதை நான் மறக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் வாடகை வாங்குறவங்க எல்லாரும் பணக்காரங்க இல்லை. "இருபதாயிரம் போட்டு ஓடு மாத்து" என்று சொன்னால் அவங்களிடம் நிஜமாகவே இல்லை.

மழை பெய்யும்போது போய்ப் பேசினால் பேச்சு சண்டையாத்தான் முடியும். அதனால் 2022 ஆடி மாதம், வெயில் காலத்திலேயே அத்தையை வீட்டுக்குக் கூப்பிட்டேன். காப்பி கொடுத்துவிட்டு மேலே பார்க்கச் சொன்னேன். ரீப்பர் கட்டை கரையான் அரித்து மாவாக் கொட்டிக் கிடந்தது. ஒரு கைமரம் நடுவில் வளைந்திருந்தது. எங்க வீட்டுக்காரர் ஒரு குச்சியால் தட்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது. "அத்தை, நனைகிறது நாங்கதான். ஆனா கூரை விழுந்தா போறது உங்க வீடு. நாங்க இன்னொரு வீடு பாத்துக்குவோம், உங்களுக்கு இது ஒண்ணுதானே" என்றேன். அத்தை ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாங்க. "என்ன செய்யச் சொல்ற புள்ள?" என்றாங்க.

நாங்க செய்கிறோம், வாடகையில் கழித்துக்கொள்கிறோம் என்றேன். "அப்ப எனக்கு வாடகையே வராதா?" என்று பயந்துட்டாங்க. அந்தப் பயம் நியாயமானது. முழு வாடகையையும் கழித்தால் அவங்க மாத்திரைக்கு எங்கே போவாங்க? அதனால் பாதி வாடகை கழிக்கலாம், பாதியைக் கையில் கொடுத்துவிடுகிறோம் என்றேன். காலம் நீளும், ஆனால் யாருக்கும் அடுப்பு அணையாது. அதற்குச் சம்மதிச்சாங்க.

அடுத்தது பணம். எங்க கையில் இல்லை. குழுவில் உள்கடன் கேட்டேன். அன்றைய கூட்டத்தில் பெரிய பேச்சு. "அடுத்தவங்க வீட்டு ஓட்டுக்கு நம்ம சேமிப்புப் பணமா? நாளைக்கு உன்னைக் காலி பண்ணச் சொல்லிட்டா கடன் யாரு கட்டுறது?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. கேட்டது எனக்கு வருத்தமாத்தான் இருந்தது. ஆனால் சரியான கேள்வி. வீட்டுக்காரம்மாவிடம் எழுதி வாங்கிக் கொண்டுவந்தால் கடன் தரலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினாங்க. தூரத்துச் சொந்தம் போலப் பழகுகிற அத்தையிடம் "எழுதிக் கொடுங்க" என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. குழு தீர்மானம் போட்டிருக்கு என்று சொன்னபோது அந்தக் கூச்சம் போய்விட்டது. அத்தைக்கும் குழு நடைமுறை தெரியும், அதனால் தப்பா எடுத்துக்கவில்லை.

கணக்கைச் சொல்கிறேன். இடித்த வீட்டிலிருந்து எடுத்த பழைய சீமை ஓடு 160, ஒன்று 25 ரூபாய், மொத்தம் 4,000. முகட்டு ஓடு 10, ஒன்று 60 ரூபாய், 600. கைமரம், ரீப்பர், ஆணி 5,200. சிமெண்டும் மணலும் 1,600. வண்டி வாடகை 800. பொருள் செலவு மட்டும் 12,200. ஆசாரி கூலி ரெண்டு நாள், 2,000. ஆக, கையிலிருந்து போகும் ரொக்கம் 14,200.

இதுவரைக்கும் அத்தை ஒத்துக்கிட்டாங்க. அடுத்து நான் எழுதிய வரி: கொத்தனார் கூலி 4 நாள், 900 வீதம் 3,600. சித்தாள் கூலி 4 நாள், 500 வீதம் 2,000. அங்கேதான் நின்றது. "உன் வீட்டுக்காரர் தானே செய்யப்போறார்? சித்தாளு யாரு, நீதானே? குடியிருக்கிற வீட்டுல வேலை செய்யறதுக்குக் கூலியா?" என்றாங்க.

அக்கா தங்கைகளே, இந்த இடத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பொருளுக்குப் பில் இருக்கு, அதனால் யாரும் மறுக்க மாட்டாங்க. உழைப்புக்குப் பில் இல்லை. அதிலும் பொம்பளை உழைப்பு என்றால் வீட்டு வேலையோடு சேர்த்து மறைந்துபோகும். அந்த நாலு நாளும் எங்க வீட்டுக்காரர் வெளி வேலைக்குப் போனால் 3,600 ரூபாய் வரும். நான் மணல் சலித்து, கலவை போட்டு, ஓட்டைக் கழுவி ஏணியில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். வேறு சித்தாளை வைத்தால் கூலி கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

நான் இதைச் சொன்னேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டு நாள் பேச்சு அப்படியே நின்றது. அப்புறம் எங்க ஊக்குநரும் அவங்க குழு ஊக்குநரும் சேர்ந்து வந்தாங்க. அவங்க குழு ஊக்குநர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "அத்தை, நீங்க நடவுக்குப் போன காலத்துல, பண்ணையார் வீட்டுக்கு ரொம்ப நாளாப் பழக்கமான ஆளுதானேன்னு கூலியில பாதி பிடிச்சிருந்தா விட்டிருப்பீங்களா?" அத்தை சிரித்துட்டாங்க. "விடுவேனா? வரப்புலயே உக்காந்திருப்பேன்" என்றாங்க. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, எழுது. சித்தாளுக்கும் சேத்தே எழுது" என்றாங்க.

நாங்களும் விட்டுக்கொடுத்தோம். உள்கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அந்த வட்டியையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி முதலில் கேட்டேன். "நனையாம இருக்கப்போறது நீங்க, அந்த வட்டி உங்களோடது" என்றாங்க அத்தை. அது நியாயமாகப் பட்டது, எடுத்துக்கொண்டோம். அடுப்படியில் ஒரு மேடை கட்டிக்கொண்டோம், அது எங்க வசதிக்கு, அதனால் எங்க செலவு. கரண்டு வேலையை அத்தையே தம்பி மகனை வைத்துச் செய்து கொடுத்தாங்க, அது அவங்க செலவு. இந்தக் கணக்கில் ரெண்டுமே வராது.

மொத்தம் 19,800 ரூபாய். மாதம் 900 கழித்தால் 22 மாதம். குழு 14,000 கடன் கொடுத்தது, 200 கையிலிருந்து போட்டோம். அசல் மாதம் 700, முதல் மாத வட்டி 140, சேர்த்து 840. வாடகையில் மிச்சமான 900லேயே தவணை கட்டிவிடலாம், வீட்டுச் செலவில் கை வைக்க வேண்டாம். 20 மாதத்தில் கடன் முடிந்தது. மொத்த வட்டி 1,470.

தாளில் என்னென்ன எழுதினோம் என்று கேட்பீங்க. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. என்னென்ன வேலை, எவ்வளவு பொருள், எத்தனை ஆள், எவ்வளவு கூலி. இதை வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுதினோம்.

2. செலவு கூடினால் முதலில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். சொல்லாமல் செய்தால் கழிக்கக் கூடாது.

3. மாதம் 900 கழிவு, 900 ரொக்கம். எந்த மாதத்தில் ஆரம்பம், எந்த மாதத்தில் முடிவு. எங்களுக்கு 2022 செப்டம்பர் முதல் 2024 ஜூன் வரை.

4. கழிவு முடியும் வரை வாடகை ஏற்றக் கூடாது.

5. நடுவில் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னால், மூன்று மாதம் முன்னால் சொல்லி, பாக்கிக் கழிவை ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டும். நாங்களாகக் காலி செய்தால் பாக்கியில் பாதிதான் எங்களுக்கு.

6. அட்வான்ஸ் 10,000 தனி. அது இந்தக் கணக்கில் சேராது.

ஒரு வருஷத்துக்கு மேல் போகும் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால், வாடகைத் தாளை 11 மாதத்துக்கு ஒன்று, அது முடிந்ததும் இன்னொன்று என்று எழுதினோம். மராமத்துக் கணக்கைத் தனிக் கடிதமாக எழுதி, ரெண்டு ஊக்குநரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்க. வேலைக்கு முன்னும் பின்னும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டோம். ரெண்டு நோட்டு போட்டோம், அத்தையிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. மாதா மாதம் கழிவு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதி ரெண்டிலும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். அத்தை குழுவில் சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவங்க. ஒவ்வொரு மாதமும் நிதானமாக எழுத்து எழுத்தாகப் போடுவாங்க.

புரட்டாசிக்குள் வேலை முடிந்தது. அந்த வருஷ அடைமழையில் வீட்டுக்குள் ஒரு பாத்திரம்கூட வைக்கவில்லை.

இந்தத் தாளுக்கும் ஒரு சோதனை வந்தது. 2023 மே மாதம், அத்தையின் மகன் திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்தார். வீடு நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்கு 900 ரூபாய் வாடகையா? 2,500க்கு ஆள் இருக்கு. ஒண்ணு ஏத்திக் கொடுங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கடன் பாதிகூட முடியவில்லை. ஆனால் நான் எதிர்த்துப் பேசவில்லை. உட்காரச் சொல்லி நோட்டையும் தாளையும் எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். 9 மாதம் கழிந்தது 8,100, பாக்கி 11,700 என்று கடைசி வரியில் இருந்தது. கீழே அவங்க அம்மா கையெழுத்து. "சித்தாள் கூலி யாருக்கு?" என்று கேட்டார். "எனக்கு" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. காலி செய்யச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கு, 11,700 கொடுத்தால் மூன்று மாதத்தில் போய்விடுகிறோம் என்று எங்க வீட்டுக்காரர் பொறுமையாகச் சொன்னார். "முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிட்டுப் போனார். 2024 ஜூனில் கணக்கு முடிந்தது. ஜூலை முதல் 2,000 ரூபாய் வாடகை என்று பேசி இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கோம்.

வாய்ப்பேச்சில் விட்டிருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்க. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான். தெரியாதவருக்குத் தெரியவைக்க ஒரு தாள் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவில், சொந்தக்காரர் செய்ய வேண்டிய கடமை உள்ள ரிப்பேரை, நாம் தெரிவித்தும் அவர் நியாயமான காலத்துக்குள் செய்யாமல் விட்டால், குடியிருப்பவரே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்று இருக்கு. ஆனால் எது அவர் கடமை என்பது பேச்சில் முடிவாகியிருக்க வேண்டும். திரும்பவும் தாளுக்குத்தான் வந்து நிற்கிறது. டவுனில் இருப்பவர்களுக்கு 2017ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதோடு, எந்த ரிப்பேர் யாருடையது என்று பட்டியலே இருக்கு. கட்டடத்தின் பெரிய ரிப்பேர், வெள்ளையடிப்பது, வயரிங் எல்லாம் சொந்தக்காரர் பக்கம். குழாய், சுவிட்சு, தாழ்ப்பாள் போன்ற சின்ன ரிப்பேர் குடியிருப்பவர் பக்கம். கிராமத்தில் நாம் பேசும்போதும் இந்தப் பட்டியலை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தகராறு முற்றினால் வட்ட சட்டப்பணிகள் குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் அக்காக்களுக்கும் ஒரு வார்த்தை. குடியிருப்பவர் ரிப்பேர் பற்றிப் பேச வந்தால் "பிடிக்கலைன்னா காலி பண்ணு" என்று உடனே சொல்லிவிடாதீங்க. உள்ளே போய்ப் பாருங்க. நீங்களே செய்ய முடிந்தால் செய்யுங்க. கையில் பணம் இல்லையென்றால் கழிவுக்கு ஒத்துக்கொள்ளுங்க, ஆனால் பில்லைக் கேளுங்க, முன்கூட்டியே தொகையைக் கேளுங்க, முடிவுத் தேதியைக் கேளுங்க. உங்களுக்குக் கைச்செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்று வெட்கப்படாமல் சொல்லுங்க. எங்க அத்தைக்குக் கடன் வாங்காமலே கூரை நின்றது, மாதம் 900 ரூபாயும் நிற்காமல் போனது.

நிறைவாக நம் கூட்டமைப்புக்கு ரெண்டு கோரிக்கை. முதலாவது, இந்த மாதிரி மராமத்துக் கடிதத்துக்கு ஒரு மாதிரித் தாள் அச்சடித்து, ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பிலும் வைக்க வேண்டும். பேர், தொகை, மாதம் மட்டும் எழுதிக்கொள்கிற மாதிரி இருந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களுக்கும் பயம் இருக்காது. ரெண்டாவது, அந்தத் தாளில் பொருள் செலவுக்குக் கீழே கூலிக்கு என்று தனி வரி இருக்க வேண்டும். அதில் கொத்தனார், ஆசாரிக்கு மட்டுமில்லாமல் சித்தாளுக்கும் ஒரு வரி வேண்டும். வீட்டுப் பொம்பளை செய்த வேலையாக இருந்தாலும் அந்த வரி காலியாக விடப்படக் கூடாது.